பெரட்டுக் கிராணி கூப்பிட்ட பெயர்

மலாயாவின் கெடாவில் இருந்த அத்தனை ரப்பர் தோட்டங்களிலும் ஜப்பான்காரனை வரிசையில் நிற்கவைத்த ஒரே மனிதர் எங்கள் பெரட்டுக் கிராணிதான். காலையில் ஆட்களைப் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும் பெரட்டிலேயே முப்பது வருடம் கணக்கெழுதி நின்றதால் அந்தப் பட்டம். அவர் என் அப்பா.

ஜப்பான்காரன் வந்ததும் வெள்ளைக்காரத் துரை ஓடிப்போய், சுங்கை லாலாங் பக்கத்திலிருந்த எங்கள் தோட்டம் படுத்துவிட்ட பிறகும் அவர் ஓயவில்லை. அதற்குள் நினைவு தடுமாறத் தொடங்கியிருந்தது. கைலிக்கு மேல் கோட்டு, கக்கத்தில் குடை. வெறும் மைதானத்தில் நின்று, செத்தவர்கள், ஊருக்குக் கப்பலேறியவர்கள் எல்லோரையும் கூப்பிடுவார். பதில் வராது. மேய்கிற கோழிகளைப் பார்த்து, "லேட்டா வந்தா அரைப் பேருதான் போடுவேன், பாதிக் கூலிதான்" என்பார்.

நான் சுங்கைப்பட்டாணியில் வாழ்க்கைப்பட்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மரவள்ளிக் கிழங்கைத் துணியில் முடிந்துகொண்டு நடந்தே போய்ப் பார்ப்பேன். அவர் கண்ணுக்கு நான் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரசரின் மனைவி.

"டிரசரம்மா, பட்டணத்துல எனக்கொரு மவ இருக்கா. எட்டிக்கூடப் பாக்க மாட்டேங்குறா."

"வருவாங்க ஐயா."

"எங்க வர்றா? திமிரு புடிச்சவ!"

வசவை வாங்கிக்கொண்டே கிழங்கை உரித்து ஊட்டுவேன்.

கூடவே இருந்து அவரைக் குளிப்பாட்டியவன் என் தம்பி மணியம். அவனை அவர் மறந்து ஒரு வருடமாகியிருந்தது.

"தெனமும் காலையில என்னைப் புது ஆளா வேலைக்குச் சேத்துக்குறாருக்கா. சாயங்காலம் நிப்பாட்டிடுறாரு லா" என்று சிரிப்பான். ஒருநாள் சிரித்து முடித்துவிட்டுக் கேட்டான். "எம் பேரை ஒரு தடவையாவது கூப்பிடுவாராக்கா?"

ஒரு ஞாயிறு நான் போயிருந்தபோது லாரி வந்தது. சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் ஆள் பிடிக்கிறார்கள். இளவட்டங்கள் எல்லாம் ஆட்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் ஆளுயர லாலாங் புல்லுக்குள் பதுங்கிவிட்டார்கள். தம்பியும்தான். துப்பாக்கியோடு மூன்று சிப்பாய்கள் இறங்கினார்கள். அப்பா குடையை நீட்டினார்.

"கோட்டுல நில்லுங்கடா! பசாருக்கா வந்திருக்கீங்க?"

சிப்பாய்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். என்ன தோன்றியதோ, இளித்துக்கொண்டே மூன்று பேரும் வரிசையாக நின்றார்கள். லயத்துப் பெண்கள் பயத்தை மறந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அப்பா ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். திடீரென்று குரல் நின்றது. குடை தாழ்ந்தது. தொலைத்த பிள்ளையைத் தேடுவதுபோலச் சுற்றிலும் பார்த்தார்.

"மணியம் எங்க? எம் மவன் எங்கம்மா? டேய் மணியம்! என் ஐயா!"

புல்லுக்குள்ளிருந்து தம்பி எழுந்துவிட்டான். "அப்பா!"

யாரும் அவனைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஒரு வருடமாக அந்த அழைப்புக்கு ஏங்கிக் கிடந்தவன், கேட்டதும் எழுந்தான். அவ்வளவுதான். லாரியில் ஏற்றினார்கள். "சாப்பாட்டு நேரத்துக்கு வந்துருடா" என்று அப்பா கையசைத்தார்.

தம்பி போன பிறகு அப்பாவை லயத்துப் பெண்கள் பார்த்துக்கொண்டார்கள். சில மாதம் கழித்து, சயாமிலிருந்து தப்பி வந்த ஒருவர் செய்தி சொன்னார். வாந்திபேதி. மற்றவர்களோடு சேர்த்து எரித்துவிட்டார்களாம்.

அன்று திரும்பி வந்த அந்தப் பெயர் மட்டும் அப்பாவை விட்டுப் போகவே இல்லை. "மணியம் எங்கம்மா?" என்றார். உண்மையைச் சொன்னேன். தலையிலடித்துக்கொண்டு அழுதார். சற்று நேரத்தில் மறுபடி கேட்டார். மறுபடி சொன்னேன். அப்போதுதான் முதன்முதலாகக் கேட்பதுபோல அழுதார். மூன்றாவது தடவை, "வேலைக்குப் போயிருக்கான்" என்றேன்.

எனக்கு அவர்மேல் கோபம் இல்லை என்றால் பொய். சில ஞாயிறுகளில் பேசாமலே ஊட்டியிருக்கிறேன்.

பசி தின்ற காலம் அது. அவர் உடம்பு எலும்பாகிவிட்டது. அப்படியும் நான் கொண்டுபோவதில் பாதியை ஒதுக்கி, தட்டைப் போட்டு மூடிவிடுவார். "பய பசியோட வருவான்." எவ்வளவு கெஞ்சினாலும் தொடமாட்டார்.

அதனால் அந்தப் பாதியை எடுத்துக்கொண்டு பின்கதவு வழியாக வெளியே போவேன். வீட்டைச் சுற்றிக்கொண்டு முன்பக்கமாக உள்ளே வருவேன்.

"உங்க மவன் குடுத்துவிட்டான் ஐயா."

"அவன் சாப்ட்டானாம்மா?"

"வயிறு நெறையச் சாப்ட்டான்."

அதற்குப் பிறகுதான் வாயைத் திறப்பார்.