நாலு மில்லிமீட்டர் டாக்டர்

எல்லாவற்றையும் பார்ப்பார், எதையும் முடிவு செய்யமாட்டார்: மருத்துவர்களில் இப்படி ஓர் இனம் உண்டு. ஸ்கேன் அறையை ஒட்டிய இருட்டறையில், இரண்டு திரைகளுக்கும் ஆறிப்போன ஒரு காப்பிக்கும் நடுவே வசிப்பது. உங்களுக்கு அறிமுகமில்லையா? கொடுத்துவைத்தவர்.

எம்.ஆர்.ஐ. படத்தில் பெரிய கட்டி தெரிந்தால் இவருக்குக் குழப்பமே இல்லை. ஊசி போட்டுத் துளி சதை எடுத்து பயாப்ஸிக்கு அனுப்பச் சொல்லிவிடுவார். ஒன்றுமே தெரியாவிட்டாலும் நிம்மதி. மார்பின் ஓரத்தில் எள்ளளவு வெண்புள்ளி ஒன்று மினுக்கினால்தான் போச்சு. பெரிதாக்கிப் பார்ப்பார், சிறிதாக்கிப் பார்ப்பார், கண்ணாடியைத் துடைத்துப் பார்ப்பார், திரையையும் துடைத்துப் பார்ப்பார் (சில சமயம் அது தூசியாகவே இருந்ததும் உண்டு), கடைசியில் எழுதுவார்: 'பெரும்பாலும் தீங்கற்றது, எனினும் புறக்கணிக்க இயலாது.' அந்த 'எனினும்' இருக்கிறதே, அதில் ஒரு குடும்பமே ஆறு மாதம் குடியிருக்கலாம்.

எங்கள் தெருத் தையற்காரம்மா குடியிருக்க மறுத்தார். அவருடைய அக்காவுக்கு மார்பில் புற்றுநோய் வந்து ஒரு பக்கத்தையே எடுத்திருந்தார்கள்; அதனால் இவர் வருடாவருடம் படம் எடுத்துக்கொள்பவர், இந்த வருடப் படத்தில் அப்படியொரு புள்ளி.

"அளவெடுத்தாச்சு டாக்டர், நாலு மில்லிமீட்டர். வெட்டணுமா, வேணாமா?"

"இவ்வளவு சின்னதுல முக்கால்வாசி ஒண்ணும் இருக்காதும்மா. ஊசி வீண் வலி."

"அப்ப விட்டுடலாம்."

"விட்டு, அது வளந்துட்டா?"

"அப்ப எடுத்துடுங்க."

"அவசரப்படக் கூடாதும்மா!"

தையற்காரம்மா பையிலிருந்து போன வருடத்துப் படத்தை உருவி மேசையில் போட்டார். "இதுல அந்தப் புள்ளி இருக்கா இல்லையா? அதையாவது ஒரு வார்த்தையில சொல்லுங்க."

டாக்டர் பார்த்தார். இல்லை. புதிதாக முளைத்தது, அக்காவுக்கு வேறு அந்த நோய். தப்பிக்க வழியில்லாமல் ஊசிக்கு எழுதினார். முடிவு வர ஒரு வாரம். அந்த வாரம் தையற்காரம்மா தைத்த சட்டைகளுக்கெல்லாம் இரண்டு கையும் இடக்கை.

புற்று இல்லை என்று தாள் வந்தது. "நான்தான் அப்பவே சொன்னேனே!" என்றார் டாக்டர்.

"எதை டாக்டர்?"

"ரெண்டையும்தான்."

சிரித்தது போதும். போன மாதம் உங்களுக்கு ஒரு பரிசோதனைச் சீட்டு எழுதிக்கொடுத்தார்களே, மடித்து எங்கே வைத்தீர்கள்? போகலாமா வேண்டாமா என்று இன்னும் யோசித்துக்கொண்டுதானே இருக்கிறீர்கள்?