நூல் பார்க்க ஒரு மூஞ்சி

அரைத்தாடி பாய், எங்கே போய்விட்டீர்கள்? ஸ்டாண்டில் உங்கள் ஆட்டோ நிற்கிற இடத்தில் இன்னும் யாரும் வண்டியைப் போடவில்லை. யாராவது கேட்டால் "ஆள் வர்றாரு" என்றே சொல்லிக்கொண்டிருக்கிறோம். சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துவிட்டது.

இந்தச் சென்னையில் பாதி முகத்தை மட்டும் சவரம் செய்துகொண்டு, அதைக் கொஞ்சமும் மறைக்காமல் ஆட்டோ ஓட்டிய ஒரே மனிதர் எங்கள் ஆழ்வார்பேட்டை ஸ்டாண்டு பாய்தான். வலது கன்னத்தில் முள்ளு முள்ளாகத் தாடி. இடது கன்னம் எவர்சில்வர் தட்டு மாதிரி பளபளக்கும். நான் அந்த ஸ்டாண்டுக்கு வந்த புதிதில் பார்த்துவிட்டுச் சிரித்தேன்.

"இன்னா பாய், பாதியிலயே பிளேடு மொக்கையாயிடுச்சா?"

"இல்ல நைனா. தி.நகர் போறேன். நூல் வாங்கணும்."

நூலுக்கும் தாடிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டிருக்கக் கூடாது. கேட்டேன். அவர் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு வந்த சவாரி வேறு வண்டியில் ஏறிப் போய்விட்டது.

விஷயம் இதுதான். பாய் வீடு கோட்டூர்புரத்தில். பாபி, அதாவது பாயுடைய சம்சாரம், ஆர்டர் எடுத்து பிரியாணி செய்வார். பிரியாணி வேகிற தேக்சாவில் அடிப்பிடித்ததைக் கம்பி நார் போட்டுத் தேய்த்துத் தேய்த்து உள்ளங்கை வெடித்து ரத்தம் கசிந்தது. கம்பி நாரைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஸ்பாஞ்சு போட்டால் கரி அசையாது. ஆர்டரை நிறுத்தவும் பாபிக்கு மனசில்லை. சரி, நானே கழுவுகிறேன் என்று பாய் உட்கார்ந்தார். கழுவினதைப் பாபி பார்த்தார்.

"நீங்க கழுவினதைக் கழுவறதுக்கு இன்னொரு ஆள் வைக்கணும்."

அந்த ஆத்திரத்தில்தான் பாய் போனில் வீடியோ பார்த்து, நூலில் நார் பின்ன ஆரம்பித்தார். குரோஷா ஊசியோடு பின்சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார். "அடையாறு வருமாப்பா?" என்று யாராவது வந்து நின்றால், தலையைத் தூக்காமல் சொல்வார். "ஒரு வரிசை கீதும்மா. முடிச்சுட்டு வரேன்."

பின்னுவது சீக்கிரமே கைக்கு வந்துவிட்டது. நூல்தான் படுத்தியது. முதலில் வாங்கியது ஜிகினா நூல். நன்றாகத்தான் தேய்த்தது. மறுநாள் ஆர்டர் கொடுத்த வீட்டிலிருந்து போன். "பாபி, பிரியாணி மின்னுதே, ஏதாவது ஸ்பெஷலா?" அடுத்தது புசுபுசு நூல். அது எண்ணெயெல்லாம் குடித்துவிட்டு, செத்த பூனைக்குட்டி மாதிரி தொட்டியில் கிடந்தது. பாபி அதைக் குச்சியால் எடுத்து வெளியே போட்டார்.

அதற்கப்புறம் கண்டுபிடித்ததுதான் அரைத்தாடி.

"வலது கன்னம் தேக்சா. இடது கன்னம் உங்க பாபி கை. நூலு வலதுல சிக்கணும், இடதுல எரியக் கூடாது. அவ்ளோதான் நைனா."

ஒருநாள் நானும் கடைக்குக் கூடப் போனேன். பாய் ஒவ்வொரு நூல்கண்டாக எடுத்து இந்தக் கன்னத்தில் ஒரு தேய், அந்தக் கன்னத்தில் ஒரு தேய். விற்கிற பெண் பயந்துபோய் சூப்பர்வைசரைக் கூட்டி வந்தது.

"சார், இது குல்லா பின்ற நூலு."

"நான் பாத்திரம் தேய்க்கறதுக்குப் பாக்குறேன் தம்பி."

"அப்ப எதுக்கு சார் மூஞ்சில தேய்க்கிறீங்க?"

"தேக்சாவைத் தூக்கிக்கினு வந்தா உள்ள வுடுவியா?"

கடைசியில் அந்தப் பெண்ணே அடித்தட்டிலிருந்து ஒரு நூலை எடுத்துக் கொடுத்தது. உடம்பெல்லாம் குட்டிக் குட்டி முடி நீட்டிக்கொண்டு, சொரசொர என்றிருந்தது. பாய் தேய்த்தார். கண்ணை மூடிக்கொண்டார். "இதான்" என்றார்.

பாபி கை மெல்ல ஆறியது. "பரவால்ல" என்று ஒரு வார்த்தை சொன்னாராம். அதை ஸ்டாண்டில் அத்தனை பேரிடமும் தனித்தனியாகச் சொன்னார் பாய். ஆனால் அந்த நூல் தடவைக்கு ஒரு மாதிரி வரும். அதே கலர், அதே லேபிள், தொட்டால் வேறு. அதனால் நூல் தீரும்போதெல்லாம் தாடி வளர்ந்தது, பாதி போனது.

லஸ்ஸில் ஏறிய ஒரு மாமி இடது கன்னத்தைப் பார்த்துவிட்டு ஏறினார். இறங்கும்போது பாய் வலது பக்கமாகத் திரும்பினார். மாமி வெலவெலத்துப் போனார்.

"ஏம்ப்பா, நான் ஏறச்சே வேற ஒருத்தன்னா ஓட்டிண்டு வந்தான்?"

"அவரு அடையாறுல எறங்கிட்டாரு மாமி" என்றார் பாய்.

அப்புறம் ஒரு மத்தியானம், பின்னிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். என் வண்டியில்தான் தூக்கிப் போட்டுக்கொண்டு போனேன். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. பாதி பின்னிய நார் ஊசியோடு என் சீட்டில் கிடந்தது.

அதிலிருந்து எனக்கு எதுவும் ஓடவில்லை. வண்டியை எடுப்பேன், எங்காவது நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பேன். சவரம்கூடச் செய்யவில்லை. போன வாரம் பாபியைப் பார்க்கப் போனேன். உள்ளங்கையில் துணி சுற்றியிருந்தது. தொட்டி ஓரத்தில் பழையபடி கம்பி நார்.

"நார் இல்லையா பாபி?"

"தேஞ்சு போச்சு. அவர் விட்டதை நானே பின்னி முடிச்சேன், அதுவும் போச்சு. பின்றதுக்குக் கை இருக்குப்பா. நூல் பார்க்கத்தான் மூஞ்சி இல்ல."

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

மறுநாள் காலையில் ஆட்டோ கண்ணாடியைப் பார்த்து இடது கன்னத்தை மட்டும் மழித்தேன். தி.நகரில் அதே பெண். என் மூஞ்சியைக் கொஞ்ச நேரம் பார்த்தது. சூப்பர்வைசரைக் கூப்பிடவில்லை. குனிந்து அடித்தட்டிலிருந்து நூலை எடுத்து வைத்தது.

"அவரு வரலையாண்ணா?"

வலதில் தேய்த்தேன், சிக்கியது. இடதில் தேய்த்தேன், எரியவில்லை. கண்தான் எரிந்தது.

"பாய்தான் அனுப்புனாரு" என்றேன்.

இதைப் படிக்கிறவர்கள் யாரைக் கும்பிடுகிறவர்களாக இருந்தாலும் சரி, இன்றைக்கு அவருக்காக ஒரு நிமிஷம் வேண்டிக்கொள்ளுங்கள். பேர் தெரியாதே என்று யோசிக்க வேண்டாம். அரைத்தாடி பாய் என்று சொன்னால் போதும். மேலே இருக்கிறவருக்கு அடையாளம் தெரியும்.