நாற்பதாண்டு நிறைந்த இளைஞர்கள்

சர்க்கார் உத்தியோகத்தில் இருக்கும் மனிதனுக்கு வயது இரண்டு. ஒன்று தாய் அறிந்தது. மற்றது ஆபீஸ் அறிந்தது. 1932-இல் மலாக்காவில் தலைமைக் கிளார்க்காக இருந்த கனகரட்ணத்துக்குத் தாய்க் கணக்கில் ஐம்பத்தெட்டு, ஆபீஸ் கணக்கில் நாற்பத்தொன்பது. ஐம்பத்தைந்தில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களே என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே ஒன்பது வருஷத்தை விழுங்கிவிட்டார். அதை அவர் பொய்யென்று எண்ணவில்லை. கூட வந்த நண்பர்களும் அப்படியே செய்தபடியால் அது சம்பிரதாயம் ஆகிவிட்டது.

அந்த விழுங்கிய வருஷங்களின் மேல்தான் இப்போது மகள் யோகத்தின் கலியாணம் நின்றது. 'சம்பந்தியார் இன்னும் ஆறு வருஷம் உத்தியோகத்தில் இருப்பார்' என்று தெரிந்த பிறகே மாப்பிள்ளை வீட்டார் வைகாசியில் நாள் குறித்தார்கள்.

இந்த நிம்மதியைக் கெடுத்தது பழைய மாணவர் சங்கம். யாழ்ப்பாணத்தில் தாங்கள் படித்த கல்லூரியின் விடுதிக்கு ஒரு கிணறு வெட்ட, நாற்பது வருஷத்துக்கு முன் ஒரே வகுப்பில் படித்து முடித்த ஆறு பேர் பணம் கொடுத்திருந்தார்கள். ஆறு பேரும் மலாக்காவில், அதுவும் ஒரே ஆபீஸில், ஒருவர் பின் ஒருவராக ஒருவரையொருவர் இழுத்துப்போட்டுக்கொண்டவர்கள். கொடுத்தவர்கள் சும்மா இருந்தாலும் சங்கம் இருக்குமா? 'நாற்பதாண்டு நிறைவெய்திய நன்மாணாக்கர் வகுப்பை மாலையிட்டு மகிமைப்படுத்துவது' என்று தீர்மானித்தது. தீர்மானத்தை எழுதியவர் கனகரட்ணம். 'வேண்டாம், வேண்டாம்' என்று தன்னடக்கத்தோடு மறுத்தவரும் அவரே. துரை தலைமை வகிக்காத விழா விழாவாகாது என்பதால் ஆபீஸ் துரையையும் அழைத்தாயிற்று.

அப்புறந்தான் வகுப்பில் ஒருவரான விஜயரட்ணம் வியர்த்துக்கொண்டு வந்தார்.

"துரை கணக்குப் பார்த்தால் நீர் ஒன்பது வயசிலை கல்லூரி முடிச்சிருக்கிறீர், காணும். நான் எட்டிலை."

"மகா கெட்டிக்காரர் எண்டு நினைப்பார்."

"அப்ப ஏன் இன்னும் கிளார்க்கு எண்டும் நினைப்பாரே."

சங்கம் அவசரமாகக் கூடியது. நாற்பதை இருபத்தைந்து ஆக்கலாம் என்றார் ஒருவர். கிணற்றுக் கல்லில் ஆண்டு வெட்டியாயிற்று என்றார் இன்னொருவர். விழாவை நிறுத்தினால் துரை காரணம் கேட்பார். மூன்று மணி நேரம் ஆலோசித்த பிறகு, உண்மை வயதைக் கொடுத்துத் தொலைத்து இரண்டு வருஷத்துக்கு முன்பே பென்ஷனில் போய், பக்கத்து ஊரான பத்து பெரண்டாமில் கோழி வளர்த்துக்கொண்டிருந்த சபாரத்தினம் ஒருவரையே முழு வகுப்பாக மேடையேற்றுவது என்றும், மற்ற ஐவரும் அவருக்கு மிகப் பிந்திப் படித்த இளைய மாணாக்கர் என்றும் முடிவானது.

சபாரத்தினம் வகுப்பிலேயே கடைக்குட்டி. பொறுமையாகக் கேட்டார். "எனக்குச் சம்மதம். ஆனால் காலிலை விழவேணும். மூத்தவனுக்குச் செய்யிற முறைதானே."

விழா சீரும் சிறப்புமாக நடந்தது. தாம் அரிச்சுவடி படித்த நாளில் சபாரத்தினம் அண்ணை மேல் வகுப்பில் மீசையோடு உலாவிய காட்சியைக் கனகரட்ணம் வருணித்தார். பேசப்பேச அது நடந்தது போலவே அவருக்குப் பட்டது. அதுதான் பிற்பாடு அவரை உறுத்தியது. மாலையிட்டு, "அண்ணை, ஆசீர்வதியுங்கோ" என்று காலில் விழுந்தார். விழுந்தவருக்கு எழுந்திருக்க வரவில்லை. அண்ணை குனிந்து, "முழங்கால் பிடிச்சிட்டுதோ? மெல்ல எழும்பும்" என்று காதோடு சொல்லித் தூக்கிவிட்டார். பெரியவர்களிடம் இளைஞர்கள் காட்டும் இந்தப் பக்தி தம் நாட்டில் அருகிவிட்டதென்று துரை உருகிப் பேசினார்.

இரண்டு வாரம் கழித்து, ரப்பர் விலை விழுந்ததால் சர்க்கார் ஆட்குறைப்புச் செய்தது. துரை முதலில் அழைத்தது கனகரட்ணத்தை.

"வயதானவர்களை வெளியே தள்ள எனக்கு மனமில்லை. அவர்கள் பென்ஷன் வரை இருக்கட்டும். உங்களைப் போன்ற இளைஞர்கள் எங்கேயும் பிழைத்துக்கொள்வீர்கள்."

கனகரட்ணத்தின் கண்முன் வைகாசி மாதம் வந்து நின்றது. வேலைதான் போகிறது, பென்ஷன்காரன் என்ற பெயராவது மிஞ்சட்டும் என்று வாழ்க்கையில் முதல் தடவையாக ஆபீஸுக்குள் உண்மை பேசினார். "துரை அவர்களே, எனக்கு ஐம்பத்தெட்டு வயது."

துரை இரக்கத்தோடு சிரித்தார். "வேலை போகும் துக்கத்தில் மனிதன் எதையும் சொல்வான். அந்தக் கிழவரின் காலில் நீங்கள் விழுந்ததை நானே பார்த்தேன்."

"அவர் என் வகுப்பு. என்னைவிட இளையவர்."

"சபாரத்தினம் பொய் சொல்லாத மனிதர். நீங்கள் அண்ணை என்றபோது அவர் மறுக்கவில்லையே" என்ற துரை, கதவு வரை வந்து வழியனுப்பினார். "ஒன்று சொல்கிறேன். நாற்பத்தொன்பதுக்கு உங்கள் முழங்கால் போதாது. காலையில் கொஞ்சம் ஓடுங்கள்."

வெளியே பெஞ்சில் மற்ற நால்வரும் காத்திருந்தார்கள். கிழவர்களை விட்டுவைப்பார்களாம் என்று எப்படியோ மோப்பம் பிடித்திருந்தார்கள். நேற்று மாலை வரை கன்னங்கரேலென்று இருந்த தலைகள் நான்கும் சாயம் போகக் கழுவிப் பஞ்சாக வெளுத்திருந்தன. விஜயரட்ணம் எங்கேயோ ஓர் ஊன்றுகோலும் இரவல் வாங்கி வந்திருந்தார்.

உள்ளேயிருந்து துரை அவர் பெயரைக் கூப்பிட்டார்.

முப்பது வருஷப் பழக்கம். விஜயரட்ணம் துள்ளி எழுந்து, கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, பையனைப் போல உள்ளே ஓடினார்.

ஊன்றுகோல் பெஞ்சில் கிடந்தது. கனகரட்ணம் அதை எடுத்து ஊன்றிக்கொண்டு படியிறங்கினார்.