நைலான் போட்ட முடிச்சு

இந்த வில்லியனூர் வட்டாரத்தில் கதவுகளைச் சொந்தப் பகையாளியாக நினைத்து வாழ்ந்த ஒரே மனிதர் நைலான்தான். திறந்த கதவைக் கண்டால் அவருக்குப் பொறுக்காது. மூடிய கதவைக் கண்டால் சந்தேகம். கட்டிப்போட்ட கதவைப் பார்த்தால்தான் சோறு இறங்கும். அவரை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. கொதிக்கட்டும், சொல்லிவிடுகிறேன்.

முதலில் என் பிழைப்பைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் குலதெய்வக் கோயிலில் கல்யாணம் வைப்பவர்கள் நிறைய. கோயில் வயலுக்கு நடுவே இருக்கும். பெண் புடவை மாற்ற ஓர் அறை இருக்காது. அதற்காகவே, ஜீப்புக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் பழைய கேரவன் ஒன்றை வாங்கி வாடகைக்கு விட்டேன். உள்ளே நிலைக்கண்ணாடி, துணி அலமாரி, தலைக்கு மேலே வரிசையாகக் கப்போர்டுகள், மூலையில் கழிவறை. நிற்கும்வரை ராஜா வீடு. நகர்ந்தால் போதும், அத்தனை கதவும் வாயைப் பிளந்துகொள்ளும்.

காரணம் எங்கள் சாலைகள். இங்கே வீட்டுக்கொரு வேகத்தடை உண்டு. பெயிண்ட் அடிக்க மாட்டார்கள், போர்டு வைக்க மாட்டார்கள். ஏறி விழுந்த பிறகுதான் தெரியும். எவன் போட்டான் என்று கேட்டால் ஒருவனும் பதில் சொல்ல மாட்டான். கதவுகளுக்குக் காந்தம் வைத்தேன். முதல் வேகத்தடையிலேயே கைவிட்டது. பிளாஸ்டிக் பூட்டு வைத்தேன், உடைந்தது. ரப்பர் பேண்ட், செல்லோ டேப் எல்லாம் பார்த்தாயிற்று. ஒருமுறை மண்ணாடிப்பட்டில் போய்க் கேரவனைத் திறந்தால் தரையிலிருந்து கூரைவரை முகப் பவுடர். மேக்கப் போட வந்த பெண் என்னைத் திட்டிய வார்த்தைகளை இந்தப் பத்திரிகை அச்சடிக்காது.

அந்த வாரம் ஜீப் ஓட்ட வந்து சேர்ந்தவர்தான் நைலான். பல வருஷம் விசைப்படகில் இருந்துவிட்டு, கடலோடு ஏதோ சண்டை என்று கரையேறியவர். இடுப்பில் எந்நேரமும் ஒரு சுருள் பச்சை நைலான் கயிறு. அவர் பெயரை நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை; கயிறே பெயராகிவிட்டது. கேரவனுக்குள் போனார், ஒவ்வொரு கதவையும் ஆட்டிப் பார்த்தார், வெளியே வந்து காறித் துப்பினார்.

"இன்னா மொதலாளி, காந்தம் வெச்சிருக்க? படகுல இத்த வெச்சா கடலே சிரிக்கும்யா. ஆடுற பொருள கட்டிப் போடணும். அவ்ளோதான்."

கட்டினார். அடுத்த நாள் பாகூர் போய்த் திரும்பினோம். ஒரு கதவு அசையவில்லை, ஒரு டப்பா உருளவில்லை. எனக்குத் தெய்வமே வந்து ஜீப் ஓட்டுவதுபோல் இருந்தது.

அந்த எண்ணத்துக்கு ஆயுசு கொஞ்சம்தான். கைப்பிடி உள்ள எதையும் கட்டாமல் அவரால் இருக்க முடியாது என்று சீக்கிரமே தெரிந்தது. என் டிபன் கேரியரைக் கட்டினார். அவர் வந்து அவிழ்க்கும்வரை நான் பசியோடு உட்கார்ந்திருந்தேன். கருவிப் பெட்டியைக் கட்டினார். என் செல்போனையும் தன் செல்போனையும் ஜீப்பின் முன்பலகையோடு சேர்த்துக் கட்டினார். கூப்பிட்டவர்களிடமெல்லாம் நான் குனிந்து, கன்னத்தைப் பலகையில் வைத்துப் பேசினேன். அவிழ்த்துத் தொலையுமய்யா என்றால், "வண்டி நிக்கட்டும்" என்பார். வண்டி நின்றால், "மறுபடி கெளம்பணுமே" என்பார். அந்த முடிச்சும் சாதாரண முடிச்சல்ல. அவரைத் தவிர வேறு யார் கை வைத்தாலும் இன்னும் இறுகிக்கொள்ளும்.

ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் பெரியப்பா யாரிடமும் சொல்லாமல் கேரவனில் ஏறிக் கழிவறைக்குள் போயிருக்கிறார். கிளம்புமுன் நைலான் வழக்கம்போல் உள்ளே போய் எல்லாக் கதவையும் கட்டினார், கழிவறைக் கதவு உட்பட. வழியெல்லாம் பின்னால் தடதடவென்று சத்தம்.

"நைலான், இன்னாய்யா அது?"

"ஏதோ லூசா கீது மொதலாளி. இரு."

ஜீப்பை நிறுத்தினார். போனார். கழிவறைக் கதவுக்கு இன்னொரு சுற்றுக் கயிறு போட்டுவிட்டு வந்தார்!

போய்ச் சேர்ந்து திறந்தபோது பெரியப்பா வியர்வையில் நனைந்து வெளியே வந்தார். வந்த வேகத்தில் என்னை அறைந்தார். கேரவன் என்னுடையதாம். நைலான் அந்தக் கதவைப் பெருமையாகத் தட்டிக்காட்டி, "பாத்தியா, இத்தினி இடி இடிச்சும் தொறந்துச்சா?" என்றார். கன்னத்தைத் தடவிக்கொண்டே நான் அவரைக் கொல்ல என்னென்ன வழி என்று யோசித்தேன்.

இதெல்லாம் சில்லறை. என் தம்பி கல்யாணத்துக்கு வருவோம்.

பண்டசோழநல்லூர் பக்கம் எங்கள் குலதெய்வக் கோயிலில் முகூர்த்தம். அப்பா இல்லாததால் தாலியும் கூறைப்புடவையும் என் பொறுப்பு. இரண்டையும் தட்டோடு கேரவன் அலமாரியில் வைத்தேன். நைலான் கட்டினார், சாதாரணமாக அல்ல, புயலுக்குப் படகைக் கட்டுவதுபோல் குறுக்கும் நெடுக்குமாக. கோயில் வாசலில் இறங்கி அதைப் பார்த்ததும் எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"யோவ், இது கல்யாண வண்டியா, மீன் வலையா? உன் கயித்தத் தூக்கினு எங்கனா போய்த் தொலைய்யா!"

"போறேன்" என்றார். அவிழ்க்காமலே போய்விட்டார்.

முகூர்த்தம் முடிந்தால் உடனே ராகு காலம். தம்பி மணையில் உட்கார்ந்துவிட்டான். பெண் கூறைப்புடவைக்குக் காத்திருக்கிறாள். நான் முடிச்சைப் பிய்க்கிறேன், சித்தப்பா இழுக்கிறார், பெண்ணின் தாய்மாமன் காலை ஊன்றிக்கொண்டு இழுக்கிறார். அது இறுகிக்கொண்டே போகிறது. சித்தப்பாவின் போனை வாங்கி நைலானுக்கு அடித்தேன். வாசலில் நின்ற ஜீப்புக்குள்ளிருந்து மணி அடித்தது. கதவையே கழற்றிவிடலாம் என்றார் போட்டோகிராபர். ஸ்குரூ டிரைவர் கருவிப் பெட்டியில் இருந்தது. கருவிப் பெட்டி கட்டியிருந்தது.

மேக்கப் பெண் கத்தரிக்கோலை நீட்டினாள். அதை வாங்கிய என் கையை எங்கள் அத்தை பிடித்துக்கொண்டாள்.

"இன்னாடா பண்ற? தாலி முடிச்சு போடப்போற நேரத்துல எந்த முடிச்சயும் அறுக்கக் கூடாது, தாலிக்கு முன்னால கீற முடிச்சயே அறுப்பியா? அறுத்துப் பாரு, நான் இந்தக் கல்யாணத்துலயே நிக்க மாட்டேன்."

பெண் வீட்டு அம்மாக்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். பந்தல் போட்டதிலிருந்து இரண்டு வீட்டாரும் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

யாருடைய பைக்கையோ எடுத்துக்கொண்டு பறந்தேன். மெயின் ரோட்டு டீக்கடையில் மெதுவடை தின்றுகொண்டிருந்தார் மகாராஜா.

"யோவ் நைலான், வாய்யா!"

"நீதான போவ சொன்ன?"

"சொன்னேன்யா! இப்ப வர சொல்றேன். எந்தம்பி மணையில குந்திகினு கீறான்யா. நேரம் போவுது. கால்ல வேணா உழறேன், எழுந்து வா!"

அவர் என் முகத்தைப் பார்த்தார். வடையை அப்படியே வைத்துவிட்டு, "தம்பி கல்யாணத்துக்கு நான் வராம பூடுவனா? வண்டிய எடு" என்றார்.

அலமாரி முன் வந்து நின்றவர் அலறினார். "எவன்டா இதுல கை வெச்சான்? நான் ஒரு இழுப்புல அவுத்திருப்பேன், கல்லாக்கி வெச்சிருக்கீங்களேடா!" விரலால் முயன்றார், முடியவில்லை. என்னைத் திட்டினார், சித்தப்பாவைத் திட்டினார், தாய்மாமனைப் பெயர் தெரியாமலே திட்டினார். பிறகு குனிந்து பல்லால் கடித்து இழுத்தார். அத்தை பக்கத்தில் நின்று, பல்லால் அவிழ்த்தால் தோஷமில்லை என்று தீர்ப்புச் சொன்னாள். முடிச்சு நெகிழ்ந்தது. நைலான் வாயிலிருந்து ரத்தமும் ஒரு பல்லும் வந்தன. கதவு திறந்தது.

ராகு காலம் வருமுன் தம்பி தாலி கட்டினான். மேளச் சத்தத்தில் நான் நைலானைத் திரும்பிப் பார்த்தேன். வாயில் துண்டை அழுத்திக்கொண்டு, ஈரக் கண்ணோடு அட்சதை போட்டுக்கொண்டிருந்தார். அப்போதும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. ஆனாலும் முதல் பந்தியில் அவரை என் பக்கத்தில் உட்காரவைத்து, குழையக் குழைய சோறு போடச் சொன்னேன்.

போன வருஷம் அவருடைய மருமகன் காரைக்காலில் படகு வாங்கிக் கூப்பிட்டான். கடலோடு சண்டை தீர்ந்துவிட்டது போலும். "கல்யாண சீசன் நடுவுல வுட்டுட்டுப் போறியே, நீயெல்லாம் மனுஷனாய்யா?" என்று கத்தினேன். அவர் கேரவனுக்குள் போய் அந்தத் துணி அலமாரியைக் கட்டினார்.

"இத்த நான் வந்துதான் அவுப்பேன் மொதலாளி. வேற எவனும் கை வெக்கக் கூடாது."

மற்ற கதவுகளுக்கு இப்போது நல்ல ஸ்டீல் பூட்டுப் போட்டுவிட்டேன். அலமாரி மட்டும் அப்படியே இருக்கிறது. உள்ளே என் குடை மாட்டிக்கொண்டிருக்கிறது. கல்யாணப் பெண்கள் பட்டுப்புடவையை நாற்காலியில் போட்டுவிட்டு என்னிடம் சண்டைக்கு வருகிறார்கள். "அறுத்துத் தொலைங்களேன்" என்கிறாள் மனைவி. அவளிடமும் எரிந்து விழுகிறேன்.

மழை வரும்போதெல்லாம் கத்தரிக்கோலோடு அலமாரி முன் போய் நிற்கிறேன். அறுத்துவிட்டால் அந்த ஆள் திரும்பி வருவதற்கு ஒரு காரணமும் இருக்காது. திட்டிக்கொண்டே, நனைந்துகொண்டே வீட்டுக்குப் போகிறேன்.