வெண்திரைக்குப் பின்னால் ஷுக்ரி நானா வென்ற போர்

மலைசூழ் ஊவா நாட்டின் மணிவிளக்கே! பதுளைக் கடைவீதிக் குடைக்கடைக் கோமானே! ஒடிந்த கம்பியை ஒரே முறுக்கில் நிமிர்த்தும் வித்தகரே! இங்கிலீஷில் ஓரெழுத்தும் அறியாமல் 'இங்கிலீஷ் நானா' என்று ஊரெல்லாம் பேர் வாங்கிய ஒப்பற்ற வீரரே! ஷுக்ரி நானாவே, வாழ்க! உமது வெற்றியைப் பாடப் புகுந்தேன். கலைமகள் என் நாவில் வந்து அமர வேண்டாம். அவளுக்கு எழுத்துத் தெரியும், காரியம் கெட்டுவிடும்.

அது ஆயிரத்துத் தொளாயிரத்துப் பன்னிரண்டாம் ஆண்டு. பதுளை மைதானத்தில் ஊமைப்படம் காட்டும் பயஸ்கோப்புக் கொட்டகை எழுந்தது. நட்டநடுவில் பாற்கடலை வெட்டித் தொங்கவிட்டாற்போல ஒரு வெள்ளைத் துணி. அதற்கு முன்னால் நாற்காலிகளில் துரைமாரும் கிளாக்கர்மாரும் கடைக்காரரும். பின்னால் வெறுந்தரையில் தேயிலைத் தோட்டத்துச் சனங்கள். துணியில் தண்ணீர் தெளித்து நனைத்தால் படம் மறுபக்கமும் பளிச்சென்று தெரியும். என்ன, முன்பக்கத்தில் வலக்கையால் வாள் வீசுகிறவன் பின்பக்கத்தில் இடக்கைக்காரன் ஆகிவிடுவான், நடுநடுவே வரும் இங்கிலீஷ் எழுத்துகளும் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும். அதற்காகப் பின்பக்கத்தார் யாரும் வருந்தவில்லை. எழுத்து நேராக நின்றிருந்தாலும் அவர்களுக்கு ஒன்றுதான்.

ஆகவே அவர்களுக்குப் படத்தைத் தமிழில் உரக்கச் சொல்ல ஒருவர் வேண்டியிருந்தது. அவருக்கென்று திரையோரம் ஒரு முக்காலி போடப்பட்டது. முக்காலியா அது? சிம்மாசனம்! அதில் ஏறி அமர்ந்தவர் நம் ஷுக்ரி நானா.

அவர் கைவசம் இருந்த ஆயுதங்களைக் கேளுங்கள். சென்ற ஆண்டு வந்த கொட்டகையின் வாசலில் குடை விற்றுக்கொண்டு நின்றபோது, வெளியே வந்த துரைமார் வாயிலிருந்து அவர் பொறுக்கிச் சேர்த்த சொற்கள் அவை. துரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தால் 'காமிக்'. துரைசானி கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தால் 'டிராஜடி'. இருவரும் பேசாமல் வந்தால் 'டிராமா'. மலையும் ஆறும் மட்டுமே காட்டி, துரைமார் சுருட்டுப் பிடிக்க எழுந்து வந்துவிட்டால் 'சீனரி'. 'ரீல்', 'சீன்', 'ஆக்டர்' என்பவை சில்லறை அம்புகள். இந்த ஏழு சொற்களை வைத்துக்கொண்டு அவர் ஒரு வருடம் கடைவீதியை ஆண்டார். அவருக்கு வாசிக்கத் தெரியாது என்ற இரகசியம் அறிந்தவர் உலகில் ஒருவரே, அவர் மனைவி றம்ஸியா. "படம் பாக்கப் போனா படத்த மட்டும் பாத்துட்டு வாங்களே. முக்காலி ஒண்டு ஊட்டுலயும் ஈக்கிதானே?" என்று அந்த அம்மையார் எச்சரித்தார். எந்த வீரன்தான் கேட்டான்?

எதிரி எங்கே என்கிறீர்களா? இதோ வருகிறார் துணிக்கடை ராமநாதன்! ஐந்தாம் வகுப்பு வரை இங்கிலீஷ் படித்தவர், பத்திரிகையை விரல் வைத்து வாசிப்பவர், முக்காலி தனக்கே வரும் என்று புதுச் சால்வை எடுத்து வைத்திருந்தவர். முக்காலி போனதும் அவர் வயிறு எரிந்தது. கடைவாசலில் நின்று தெருவே அதிர முழங்கினார்: "அந்தாளுக்கு ஏ எது, பி எதுன்னு தெரியாதுங்க! இன்னைக்குக் கொட்டகையில வச்சே நாறடிக்கிறேன், பாருங்க!"

இந்த முழக்கம் குடைக்கடைக்கு எட்டியபோது, உண்மையைச் சொல்கிறேன், நம் வீரர் நடுங்கினார். பேர் போனால் அவருக்கு வேறென்ன இருக்கிறது? குடையை யார் வேண்டுமானாலும் விற்கலாம். ஆனால் போகாமல் இருந்தாலும் பேர் போய்விடும். எனவே போனார்.

பொழுது சாய்ந்தது. துணி நனைந்தது. விளக்குப் பாய்ந்தது. முக்காலியில் எழுந்து நின்ற ஷுக்ரி நானா, "மகாசனங்களே! இண்டைக்குக் காட்டுறது டிராஜடி!" என்று முழங்க, துணிக்கு அப்புறத்திலிருந்து, "டிராமான்னு போட்டிருக்குய்யா!" என்று ராமநாதன் இடியாய் இடிக்க, "டிராஜடி!" என்று இவரும், "டிராமா!" என்று அவருமாக, ஈரத்துணியின் இருபுறமும் அம்பு மாரி பொழிந்தது. ஒரு ரீல் ஓடி முடிந்தே போனது. கடைசியில், ஸ்பிரிங்வெளித் தோட்டத்திலிருந்து நடந்தே வந்து பின்பக்கத்தில் முன்வரிசை பிடித்திருந்த, கொழுந்து பறிக்கும் பெரியாயி எழுந்தாள். "அழுவுற படமா, சிரிக்கிற படமா? அத மட்டும் சொல்லுங்க மொதலாளி."

"மூக்குச் சிந்துற படம் புள்ள."

"அப்ப சரிங்க," என்று அவள் முந்தானையைத் தயாராக எடுத்து வைத்துக்கொண்டாள்.

படத்தில் ஒரு சீமாட்டிக்குக் கடிதம் வந்தது. படித்தாள், நெஞ்சைப் பிடித்தாள், விழுந்தாள். உடனே அந்தக் கடிதமே திரை நிறைய எழுத்தாக வந்து நின்றது. இதற்காகவே காத்திருந்த ராமநாதன், சால்வையை இறுக்கிக்கொண்டு, நாற்காலிகளைத் தாண்டி, கயிற்றைத் தாண்டி, ஒருவர் காலை மிதித்துத் திட்டும் வாங்கி, பின்பக்கப் போர்க்களத்துக்குள் புகுந்தார். "எங்க, இத வாசிங்க பாப்போம்!"

நம் வீரர் திரையைப் பார்த்தார். பூச்சி ஊர்ந்தது போல ஏதோ தெரிந்தது. எப்போதும் அவருக்கு அப்படித்தான் தெரியும். சீமாட்டி விழுந்து கிடந்த கோலத்தைப் பார்த்தார், சுற்றியிருந்த முகங்களைப் பார்த்தார், அஞ்சாமல் வாசித்தார்: "வேலையில பேர் வெட்டியாச்சி. விடிஞ்சா லயக்காம்பிராவக் காலி பண்ணு. இப்படிக்கு, பெரிய துரை."

ஐயோ, அந்த அழுகை! லயத்து வரிசை வீட்டில் பிறந்து லயத்திலேயே வளர்ந்த சனம், சீமையிலும் இதே கதிதானா என்று மாரிலடித்துக்கொண்டு அழுதது.

"பொய்! பொய்!" என்று ராமநாதன் துள்ளினார்.

"அப்ப நீங்க படிங்க," என்றாள் பெரியாயி.

ராமநாதன் கம்பீரமாகத் திரையை நோக்கித் திரும்பினார். திரும்பியவர் திகைத்தார். எழுத்தெல்லாம் கடைசியிலிருந்து முதலுக்கு ஓடியது. தலையைச் சாய்த்தார். உடம்பைச் சாய்த்தார். புதுச் சால்வை தரையில் புரளக் குனிந்து, கால்களுக்கு இடையே தலைகீழாகவும் பார்த்தார். "எழுத்துத் திரும்பிக் கெடக்குங்க," என்றார் ஈனக்குரலில்.

"அவருக்கு மட்டும் நேராக் கெடக்காக்கும்? அவரு படிக்கிறாருல்ல?" என்றாள் பெரியாயி.

கொட்டகை சிரித்துக் குலுங்கியது. எழுத்தறிந்தவர் தோற்றார், எப்பக்கம் பார்த்தாலும் ஒன்றும் தெரியாத எம்பெருமான் வென்றார்! முரசுக்குப் பதில் தகர டப்பா தட்டினார்கள். படம் முடிந்து விளக்கேற்றியதும் நம் வீரரைத் தோளில் தூக்காத குறை. ராமநாதன் கூட்டத்தில் சிக்கி, வெளியேற வழியில்லாமல், சால்வையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டு நின்றார்.

அப்போது பெரியாயி முக்காலி அருகே வந்தாள். இடுப்பு முடிச்சை அவிழ்த்து, நாலாய் மடித்த காகிதம் ஒன்றை எடுத்தாள். "நேத்து தோட்டத்து ஆபீஸ்ல குடுத்தாங்க. கேட்டதுக்கு ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல. அந்தம்மாவுக்கு வந்த மாதிரிதான் எனக்கும் வந்திருக்குதா மொதலாளி? எதுவானாலும் பரவால்ல, படிச்சுச் சொல்லுங்க."

ஏழு கடல் நீந்தியும் இளைக்காத தோளரும், ஏழு சொல்லால் ஒரு பட்டணத்தைக் கட்டியாண்ட ஏந்தலுமாகிய ஷுக்ரி நானா காகிதத்தை வாங்கினார், இப்படிப் பார்த்தார், அப்படிப் பார்த்தார். சீமாட்டிக்கென்றால் ஆயிரம் கடிதம் அவரால் வாசிக்க முடியும். இவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு வரிகூட அவருக்கு வரவில்லை.

எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, அவர் ராமநாதனைக் கூப்பிட்டு, தனக்கு வாசிக்கத் தெரியாது என்று சொல்லிக் காகிதத்தைக் கொடுத்தார்.