அறுபடாத லைன்

இரட்டை ஆறு காயை வைக்கப் போன சமயம் பார்த்து லைன் அறுந்தது. திரையில் டோமினோ மேசை அப்படியே உறைந்து நிற்க, பக்கத்தில் போன் அடித்தது.

"எவரிஸ்தோ, சாப்பிட்டியாடா?" அசுவா ஊரிலிருந்து அக்கா மிலாக்ரோஸ்.

"சாப்பிட்டேன்க்கா. போனுக்கும் இதுக்கும் ஒரே லைன், நீ கூப்பிட்டாலே இன்டர்நெட் புட்டுக்குதுன்னு எத்தனை வாட்டி சொல்றது? நாலு மணிக்குக் கூப்பிடேன்!"

"நாலு மணிக்கும்தான் கூப்பிட்டேனே. அது சாப்பாட்டை ஞாபகப்படுத்த. இது சாப்பிட்டியான்னு கேக்க. மாத்திரை போட்டியா?"

ஐஸ் ஃபாக்டரியில் எடை போடும் வேலை பார்த்து ஓய்வு பெற்ற எவரிஸ்தோவுக்கு பானி ஊரில் பேச்சுத் துணை கிடையாது. தெருமுனைக் கடை டோமினோ மேசையில் இருபது வருடம் உட்கார்ந்தவர்தான். "உன்னோட ஜோடி சேர்றதுக்குச் சுவரோட சேரலாம்யா" என்று சொல்லி, அவர் நாற்காலியை வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டார்கள். தனக்குக் காய் சரியாக விழுவதில்லை, அவ்வளவுதான் என்பது அவர் கட்சி.

அப்புறம்தான் இன்டர்நெட் டோமினோவில் கூட ஆட இவெலிஸ் கிடைத்தாள். புவேர்ட்டோ ரிக்கோக்காரி, ஓய்வு பெற்ற டீச்சர். லைன் அறுந்து, மறுபடி டயல் செய்து, மோடம் கீச்சிட்டு முடித்து இவர் உள்ளே போனால் இவர்கள் பக்கம் ஜெயித்து ஆட்டம் முடிந்திருக்கும். "பிரமாதம்! அந்தக் கடைசிக் காய் இருக்கே, அடடா!" என்று எழுதியிருப்பாள்.

தான் கடைசியாக வைத்த காயைத்தான் சொல்கிறாள் என்று எவரிஸ்தோவுக்குக் கண் கலங்கிவிடும். அவர் ஆட்டத்தை அதுவரை யாரும் பாராட்டியதில்லை.

"மன்னிக்கணும். அக்கா போன் பண்ணினா நான் காணாமப் போயிடறேன்" என்று தட்டினார்.

"அதெல்லாம் எனக்குத் தொந்தரவே இல்ல, டான் எவரிஸ்தோ. சனிக்கிழமை அஞ்சு மணிக்குப் பெரிய போட்டி. நீங்கதான் என் ஜோடி!"

'டான்' என்ற மரியாதையோடு, ஜோடி! இந்தச் சொல்லுக்காக அவர் எதையும் செய்வார். லைன் அறுபடாமலிருக்க வழி கேட்டு அன்றே கம்ப்யூட்டர் கடை நெரெய்தாவிடம் ஓடினார்.

"மோடம் வேகத்தைக் குறைச்சு வைங்க. மெதுவாப் போனாலும் ஸ்டெடியா நிக்கும்" என்றாள் அவள்.

மெதுவாகத்தான் போனது. இவர் வைத்த காய் மேசைக்குப் போய்ச் சேர்வதற்குள் எதிராளிகள் "பெரியவர் தூங்கிட்டாரா?" என்று கேட்டார்கள். நேரம் தாண்டியதென்று ஆட்டமே இவரை வெளியே தள்ளியது.

"அப்ப மோடம் பிழை திருத்துற வேலையை நிறுத்திடுங்க. காய் சட்டுனு போகும்" என்றாள் நெரெய்தா.

சட்டென்று போனது. ஆனால் ஃபிரிட்ஜ் உறுமினால் லைன் அறுந்தது. ஃபிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கினார்; ஆட்டுப்பால் திரிந்தது. மின்விசிறி சுற்றினால் லைன் அறுந்தது. அதையும் பிடுங்கி, வேர்த்து வழிய உட்கார்ந்தார். அப்படியும் நாலு மணிக்கும் ஐந்து மணிக்கும் அக்கா அறுத்தாள்.

இவெலிஸோ, "இந்த வாரம் ஒரு ஆட்டம்கூடத் தோக்கல, ஜமாய்ச்சுட்டோம்!" என்று குதித்தாள். இத்தனை தொல்லையிலும் தன்னைக் கைவிடாதவளை நினைத்து எவரிஸ்தோ உருகிப்போனார்.

வெள்ளிக்கிழமை காலை நெரெய்தா வீட்டுக்கே வந்து, செய்ததை எல்லாம் பழையபடி மாற்றினாள். பிறகு டயல் செய்யும் நம்பருக்கு முன்னால் நட்சத்திரமும் எழுபதும் சேர்த்தாள். "இனிமே நீங்க ஆடுறப்ப யார் கூப்பிட்டாலும் பிஸின்னுதான் கேக்கும். லைனை ஒருத்தரும் அசைக்க முடியாது."

"ஒருத்தருமா?"

"அக்காவை விட்டா உங்களை வேற யாரு கூப்பிடறா?"

அவருக்குச் சுருக்கென்றது.

அன்று ஐந்து மணி வந்தது, போனது. லைன் அறுபடவில்லை. ஆடி முடித்து இறங்கிய பிறகும் போன் அடிக்கவில்லை. சாப்பிட்டாயா என்று யாரும் கேட்காததால் எவரிஸ்தோ சாப்பிடவும் மறந்தார். வீடு ரொம்பப் பெரிதாகத் தெரிந்தது. போகட்டும், நாளைக்கு இவெலிஸ் இருக்கிறாள் என்று தன்னையே தேற்றிக்கொண்டார்.

சனிக்கிழமை, கஞ்சி போட்ட சட்டையோடு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். முதல் காயிலிருந்து கடைசிக் காய்வரை லைன் இம்மியும் அசையவில்லை. ஒவ்வொரு காயையும் தன் கையாலேயே வைத்தார். முதல் ஆட்டத்தில் இருநூறுக்கு முப்பத்தைந்து என்று தோற்றார்கள்.

இன்னும் இரண்டு ஆட்டம் பாக்கி இருந்தது. இவெலிஸின் எழுத்துகள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்தன.

"டான் எவரிஸ்தோ, உங்க அக்கா இன்னைக்குப் போன் பண்ணலையா? அவங்க கூப்பிட்டு நீங்க காணாமப் போனா, உங்க இடத்துல கம்ப்யூட்டரே வந்து ஆடுமே... அதை நம்பித்தானே நான் போட்டிக்கே பேர் கொடுத்தேன்!"