வேர் இல்லாமல் வந்த கல்லூரி

நாவுசோ, ஃபிஜி
வியாழக்கிழமை

கல்வியியல் கல்லூரியில் சமூகத் தொடர்புப் பிரிவின் தலைவரும் என் மனைவியின் தம்பியுமான இசிகேலிக்கு, ஊர்த்தலைவன் அபெனிசா எழுதுவது. இங்கே உன் அக்கா, பிள்ளைகள், பன்றிகள் எல்லாரும் சுகம். நீயும் சுகமாக இருப்பாய். மரியாதை இதோடு முடிந்தது.

மச்சான், உனக்கு வெட்கமாக இல்லையா? எங்கள் பள்ளியில் இரண்டாம் வகுப்புக்கு ஒரு வருஷமாக ஆசிரியர் கிடையாது. நிதி வந்துவிட்டது, பயிற்சி ஆசிரியை ஒருத்தியை ஒரு பருவம் முழுக்க அனுப்புகிறேன் என்றாய். இன்று காலை படகு வந்தது. கெலேரா என்கிற அந்தப் பெண், முந்நூறு புத்தகம், கல்லூரிப் பெயர் போட்ட பதாகை, உன் அலுவலக அதிகாரி ஒருவர், எல்லாம் வந்து இறங்கின. ஊருக்குள் கால் வைக்குமுன் கொடுக்க வேண்டிய யங்கோனா வேர் மட்டும் வரவில்லை. "வேர் எங்கேய்யா?" என்றேன். அதிகாரி கோப்பைப் புரட்டுகிறார். "போதை தர்ற பொருளுக்கு நிதியில இடமில்லைங்க. பதிலுக்குத் தொப்பி கொண்டாந்திருக்கோம்." தொப்பியாம். தொப்பியை இடித்துக் கரைத்துக் குடிப்பதா? முடியாது போய்யா என்றேன். மனுஷன் மணலிலேயே பதாகையைப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு, ஒரு படிவத்தை நீட்டுகிறார். "எங்கள் வருகையால் உங்கள் ஊர் எவ்வளவு பயனடைந்தது, ஒன்றிலிருந்து ஐந்துக்குள் குறிக்கவும்" என்று அதில் போட்டிருக்கிறது. பேனா முனை மழுங்குகிற மாதிரி ஒரு பூஜ்யம் போட்டுக் கொடுத்தேன். "ஊர் ஒத்துழைக்கலன்னு எழுதினா அடுத்த வருஷம் நிதி நின்னுடும்" என்று மிரட்டல் வேறு. நிற்கட்டுமே. அவருக்குத் தெரியாது, சரி. உனக்குமா தெரியாது? உன் அக்காவைப் பெண் கேட்டு வந்தபோது, வேர் சின்னதாக இருக்கிறது என்று என்னை வெயிலில் நிற்க வைத்தவன் நீதானே?

ஆகவே, நீயே வேரோடு வந்து தரையில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்கும்வரை கெலேரா, புத்தகம், தொப்பி எதுவும் கரையைத் தாண்டாது. இது ஊர்த்தலைவன் சொல். மாறாது.

உன் பெண்டாட்டி பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும். நீ கொஞ்சம் பட்டுத் திருந்து.

அபெனிசா

பின்குறிப்பு: இதை மடிக்கும்போது கெலேரா வந்து, முறைப்படி உட்கார்ந்து, ஒரு கட்டு வேரை என் முன்னால் வைத்தாள். நல்ல பருமன். மனம் குளிர்ந்து மூன்று முறை கைதட்டி ஏற்றுக்கொண்டேன். அப்புறம்தான் கயிற்றைப் பார்த்தேன், என் வலைக் கயிறு. வேரும் என் மகள் கல்யாணத்துக்கு நான் எடுத்து வைத்திருந்தது. "கை தட்டினது தட்டினதுதான். என் தம்பி மானம் போகணுமா? பிள்ளைங்க படிக்க வேணாமா?" என்கிறாள், அதை அவளுக்கு எடுத்துக் கொடுத்த உன் அக்கா. ஏற்றுக்கொண்ட வேரை எவனாவது திருப்பிக் கொடுப்பானா? இரண்டாம் வகுப்பு வாசிக்கிற சத்தம் வீடுவரை கேட்கிறது. தொப்பி எனக்கு அளவாக இருக்கிறது. அதிகாரி கொண்டுவரும் படிவத்தில், என் பூஜ்யத்துக்கு முன்னால் ஒரு ஐந்து போட்டுக்கொள்.